எட்டு ஜிபி மேஸ்திரி

சார், அவளை மோசடிக்காரி என்று சொன்னது நீங்கள்தான். அவள் டிகிரி வாங்காமல் போனதற்குக் காரணமும் நீங்கள்தான். சிஸ்டத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துகொள்ள முடியாது.

போன வாரம் நம் வேதியியல் துறையிலிருந்து எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. கல்லூரி மலருக்கு முன்னாள் மாணவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டுமாம். எனக்குக் கொடுத்த தலைப்பு, படிப்புக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் மாணவர்களுக்குப் பிடித்த செயலிகள். பயனுள்ளதாகவும் உற்சாகமூட்டுவதாகவும் இருக்க வேண்டும் என்று கீழே எழுதியிருந்தது. அதற்குக் கீழே துறைத்தலைவர் என்று உங்கள் பெயர்.

எனக்கு இப்போது வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தால் கண் சொருகுகிறது. உற்சாகமூட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. ஆப் பற்றி எழுதவும் தெரியாது. ஆப்பை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படிப் படித்தாள் என்று தெரியும். இரண்டரை வருடம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பஸ்ஸில் வந்தவள் நான். அதை எழுதுகிறேன். அவள் பெயரைப் போட மாட்டேன். ஒரு தடவை நீங்கள் மைக்கில் அந்தப் பெயரை வாசித்ததே போதும்.

அவள் போன் எட்டு ஜிபி. அவள் மாமா வாங்கி, இரண்டு தடவை கீழே போட்டு, வேறு வாங்கியபோது அவளுக்குக் கொடுத்தது. எட்டில் ஐந்துக்கு மேல் போனே எடுத்துக்கொள்ளும். சார்ஜ் போடும் இடம் உப்புக் காற்றில் பச்சை பூத்திருக்கும். வாரம் ஒரு தடவை ஊக்கால் சுரண்டி, வாயால் ஊதி, "பேசுடா ராசா" என்பாள். புதிதாக ஒரு ஆப் ஏற்ற வேண்டுமென்றால் பழையதில் ஒன்றை இறக்க வேண்டும். எங்களுக்கெல்லாம் போனில் நூறு ஆப் இருக்கும், தொண்ணூறைத் தொடவே மாட்டோம். அவளுக்கு அப்படிக் கிடையாது. தினமும் காலையில், மரக்காணம் பஸ் கிளம்பியதும், அவள் ஆள் எடுப்பாள்.

ஆள் எடுப்பது என்பது அவள் சொல்தான். அவள் அம்மாவும் அப்பாவும் உப்பளத்தில் கூலி வேலை. உப்பளத்தில் காலையில் ஆள் எடுப்பவர் மேஸ்திரி. எத்தனை பாத்தியில் உப்பு வார வேண்டுமோ அதற்குத் தக்கபடி "நீ வா, நீ வா" என்று கை காட்டுவார். மிச்சப் பேரை நாளைக்கு வரச் சொல்வார். அந்த மேஸ்திரியின் குரலில், கழுத்தை அதே மாதிரிச் சாய்த்துக்கொண்டு, இவள் போனோடு பேசுவாள்.

"டிக்‌ஷனரி, நீ வா. ஸ்கேனரு, இன்னிக்கு லைப்ரரி இருக்குது, நீயும் வா. வாட்ஸ்அப்பு, நீ இன்னா பண்ணப் போற? குட் மார்னிங் சொல்லுவ, ரோஜாப்பூ காட்டுவ. போய்ட்டு நாளைக்கு வா."

"ஏய், வாட்ஸ்அப்பையாடி எடுக்கற?"

"அதுதான் நெறைய சாப்புடுது. வேலைன்னு பாத்தா ஒண்ணுமில்ல."

முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கண்டக்டர் ஒரு நாள் கேட்டார், "ஏம்மா, எனக்கு எதனா வேலை இருக்குதா உங்ககிட்ட?" "உங்க சைஸ் எவ்ளோண்ணா?" என்றாள். பஸ்ஸே சிரித்தது.

அவள் ஸ்கேனரால்தான் எங்கள் வகுப்பு பாஸானது என்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. லைப்ரரியில் இருந்த நல்ல புத்தகம் ஒவ்வொன்றும் ஒரே பிரதி. அதை வெளியே தர மாட்டார்கள். அவள் மதியம் சாப்பிடாமல் போய் ஜன்னலோரம் நின்று பக்கம் பக்கமாகப் பிடிப்பாள். நிழல் விழாமல், மூலை வளையாமல், ஒரு பாடத்துக்கு ஒரு பிடிஎஃப். பிடித்ததும் எங்கள் போனுக்கு ஏற்றிவிட்டுத் தன் போனில் அழித்துவிடுவாள். அவளுக்குத் தேவைப்படும்போது எங்களிடமிருந்து திருப்பி வாங்கிக்கொள்வாள். அவள் புத்தக அலமாரி எங்கள் இருபது பேர் போனில் இருந்தது.

அப்புறம் அந்த வாசித்துக் காட்டும் ஆப். பிடிஎஃப்பைக் கொடுத்தால் இங்கிலீஷில் ஒரு பெண் குரல் படித்துக்கொண்டே போகும். அதற்கு அவள் வைத்த பெயர் "அந்தக்கா". லீவு நாளில் அவளும் உப்பு வாரப் போவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டு நோட்டு வாங்க உப்பளத்துக்கே போனேன். கடலோரக் குப்பத்தில் பிறந்த எனக்கே அந்த வெள்ளை வெளிச்சத்தில் கண் திறக்க முடியவில்லை. அவள் வாருபலகையை இழுத்துக்கொண்டு, ஒரு காதில் இயர்போனோடு, வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பாத்தியில் ஒரு அம்மா கேட்டார்.

"இன்னாடி அது, மொணமொணன்னு?"

"பாடம் அத்தே."

"யாருக்கு, உப்புக்கா?"

"உப்பப் பத்தித்தான் அத்தே. கரையறதுக்கு எவ்ளோ சூடு வேணும்னு."

"அத எங்கிட்ட கேளு. காலு சொல்லும்."

அவள் நிமிர்ந்து சிரித்தாள். என்னைப் பார்த்ததும் சொன்னாள், "அந்தக்காவுக்கு மூச்சே வாங்க மாட்டேங்குதுடி. நான்தான் நின்னு நின்னு கேக்கணும்."

இதையெல்லாம் படிக்கும்போது அவளைத் தங்கமான பெண் என்று நினைக்க வேண்டாம். அவளிடம் ஒரு கடினம் இருந்தது. உபயோகம் இல்லாததை அவளால் வைத்துக்கொள்ள முடியாது. அது போனோடு நிற்கவில்லை. இரண்டாம் வருடம் என் வீட்டில் ஒரு பெரிய சண்டை நடந்து, நான் அழுதுகொண்டே பஸ் ஏறினேன். அன்றைக்கு அவளுக்கு இன்டர்னல் பரீட்சை. இயர்போனை எடுக்காமலே சொன்னாள், "இன்னிக்கு முடியாது. நாளைக்குப் பேசலாம், சரியா?" இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. மூன்றாவது நாள் அவளாக வந்து, "இப்ப சொல்லு" என்று உட்கார்ந்தாள். கல்லூரி வரும் வரைக்கும் கேட்டாள், ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. ஆனாலும் அந்த முதல் நாள் எனக்கு மறக்கவில்லை.

உனக்குப் பிடித்த ஆப் எது என்று அவளிடம் ஒரு தடவை கேட்டேன். "பிடிச்சதுன்னு ஒண்ண வெச்சா அது வேலை செய்யாமலே உக்காந்துக்கும்" என்றாள்.

அப்படிச் சொன்னாலும் ஒன்று மட்டும் தினமும் மதியத்துக்கு மேல் அவள் போனில் இருந்தே ஆகும். மழை மேகத்தை வரைபடத்தில் காட்டும் ரேடார் ஆப். ஜூன் முதல் செப்டம்பர் வரை எங்கள் பக்கம் சாயங்கால மழை மேற்கிலிருந்து வரும். திண்டிவனத்தைத் தாண்டி, பெருமுக்கல் மலையைத் தாண்டி, பிறகு உப்பளத்தின் மேல் கொட்டும். வாரிக் குவித்த உப்பை மூடாமல் விட்டால் கரைந்து வாய்க்காலில் ஓடிவிடும். பாத்தி கெட்டால் அப்புறம் பத்து நாளைக்கு யாருக்கும் வேலை கிடையாது. அவள் மூன்று மணிக்கு ரேடாரைப் பார்ப்பாள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மேகம் நகர்ந்தால் அம்மாவுக்குப் போன் போடுவாள். அம்மாவிடம் பட்டன் போன்.

"யம்மா, பெருமுக்கலாண்ட வந்துட்டுது. தார்பாய இழுங்க. முக்கா மணி நேரம் இருக்குது."

முக்கால் மணி என்றால் முக்கால் மணிதான். கடைசியில் மேஸ்திரியே அவள் அம்மாவிடம் வந்து "உன் பொண்ணு இன்னா சொல்லுது?" என்று கேட்க ஆரம்பித்தாராம்.

நீங்களும் கேட்டீர்கள் சார். ஐந்தாம் செமஸ்டரில் விளையாட்டு விழா அன்று மதியம், மைதானத்தில் வைத்து, "ஏம்மா, ரேடாரு, பரிசு கொடுக்கறதுக்குள்ள மழை வந்துடுமா?" என்றீர்கள். அவள் போனைப் பார்த்துவிட்டு, "நாலு மணிக்குள்ள முடிச்சிடுங்க சார்" என்றாள். நீங்கள் மூன்றே முக்காலுக்கு முடித்தீர்கள். நாலு பத்துக்குக் கொட்டியது.

அந்த ஐந்தாம் செமஸ்டரில்தான் வருகைப் பதிவுக்கு ஆப் வந்தது. பேப்பர் அட்டென்டன்ஸ் ஒழிந்தது, இனிமேல் யாரும் ஏமாற்ற முடியாது என்று சொன்னீர்கள். அதன் லட்சணம் இதுதான். கல்லூரி காம்பவுண்டுக்குள் போன் இருக்க வேண்டும். காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை பட்டனை அழுத்த வேண்டும். முகத்தைக் கேட்காது. போன் வந்ததா என்றுதான் பார்க்கும், ஆள் வந்தாளா என்று பார்க்காது.

இதை எங்கள் வகுப்பு இரண்டே நாளில் கண்டுபிடித்தது. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போனில் ஆப்பை ஏற்றி, அதை ஒரு தோழியிடம் கொடுத்துவிட்டு, புதுப் போனோடு பாண்டிச்சேரிக்குப் படம் பார்க்கப் போனார்கள். அந்தத் தோழி பட்டனை அழுத்துவாள். பல நாள் அந்தத் தோழி நான்தான். என் பையில் மூன்று போன் இருக்கும். ஒருவர் பெயரும் என்றைக்கும் மாட்டவில்லை.

அவளுக்கு அந்த ஆப்பைக் கண்டாலே எரிச்சல். "ரெண்டு தடவ பட்டன அமுக்கறதுக்கு இவ்ளோ பெரிய உடம்பா? குடும்பத்தோட வந்து உக்காந்துக்குதுடி" என்பாள். அது இருந்தால் ரேடாருக்கு இடம் இல்லை. அதனால் மதியப் பதிவு முடிந்ததும் அதை அழிப்பாள், ரேடாரை ஏற்றுவாள். மறுநாள் காலை பஸ்ஸில் ரேடாரை அழித்து மறுபடியும் இதை ஏற்றுவாள். கோட்டக்குப்பத்திலிருந்து வரும் எங்கள் தோழி ஒருத்தி பார்த்துவிட்டுச் சொன்னாள், "அத்தா துபாய்லேர்ந்து அனுப்புன பழைய போன் வூட்ல சும்மாதான் கெடக்குது. எடுத்துக்கோடி, திருப்பித் தர வேணாம்."

"வேணாம்டி. ரெண்டு போன் வெச்சிருந்தா ப்ராக்சி போடறேன்னு சொல்லுவாங்க. நமக்கெதுக்கு?"

இதைச் சொன்னபோது என் மடியில் இருந்த பைக்குள் மூன்று போன் இருந்தன. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் செய்த தப்பு ஒன்றுதான். உப்பளத்துக்காரி செய்யக்கூடிய தப்பு அது. இன்றைக்குப் போ என்று அனுப்பிய ஆள் நாளைக்கு வந்தால் அதே ஆள்தான், நேற்று வரைக்கும் செய்த வேலை அந்த ஆளின் பேரில் இருக்கும் என்று நினைத்தாள். அந்த ஆப் அப்படி நினைக்கவில்லை. அழித்து ஏற்றிய ஒவ்வொரு தடவையும் அதைப் புதுப் போன் என்று எழுதிக்கொண்டது. இதைப் பற்றித் துறை குரூப்பில் ஒரு எச்சரிக்கை வந்தது. ஆப்பை அழித்து ஏற்றினால் வேறு போன் மாற்றியதாகக் கொள்ளப்படும், அடிக்கடி மாற்றினால் பதிவு முழுவதும் ரத்தாகும் என்று. அந்த வாரம் அவள் போனில் வாட்ஸ்அப்புக்கு வேலை இல்லை. நான் படித்தேன். கட்டைவிரலைத் தூக்கும் படம் ஒன்றைப் போட்டேன். அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். என் போன், என் பையில் இருந்த மூன்று போன், இதில் எதிலாவது ஆப்பை அழித்தேனா என்று யோசித்தேன். அவளை நினைக்கவில்லை.

தேர்வுக்கு முன்னால் செமினார் ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்தீர்கள். மைக்கைப் பிடித்து, மோசடிப் பட்டியல் வந்திருக்கிறது என்றீர்கள். பட்டியலில் ஒரே பெயர்.

"ஒரே செமஸ்டர்ல அறுவது போன் மாத்தியிருக்குது இந்தப் பொண்ணு. நம்மகிட்ட ஆறு போன் இருக்குதா?"

ஹால் சிரித்தது. அவள் எழுந்து நின்றாள். கையில் அந்த ஓரம் உடைந்த எட்டு ஜிபி போன். நான் பையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அவள் அம்மா வந்தார். சாட்சி சொல்கிறேன் என்று நானும் போனேன். உங்கள் அறை வாசலில் நின்றேன். அவள் ரெக்கார்டு நோட்டைத் திறந்து மேசை மேல் வைத்தாள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் கீழே தேதியோடு உங்கள் கையெழுத்து.

"சார், இந்த நாளெல்லாம் நான் இல்லன்னு ஆப்புல வருது. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

"அது லேப் ரெக்கார்டும்மா. இது அட்டென்டன்ஸ்."

"அறுவது போன் இல்ல சார். ஒரே போன்தான். அறுவது தடவ ஏத்தினேன்."

"எதுக்கு அழிச்ச?"

"மழை பாக்க சார்."

நீங்கள் சிரித்தீர்கள். பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடு, மேலே அனுப்புகிறேன் என்றீர்கள். அவள் நம்பி எழுதினாள். தினமும் வருகைப் பதிவு ஆப்பை நானே அழித்தேன் என்று முதல் வரியிலேயே எழுதினாள். பொய் எழுதத் தெரிந்திருந்தால் போன் ரிப்பேர் என்று எழுதியிருப்பாள். அந்தத் தாள் மேலே போனபோது ஒப்புதல் வாக்குமூலமாகப் போனது.

அவள் அம்மா பக்கத்தில் நின்றிருந்தார். கை உப்பில் வெடித்திருந்தது, முந்தானையில் சுற்றி வைத்திருந்தார். கடைசியில் கேட்டார்.

"அய்யா, எனக்குப் படிப்பு தெரியாதுங்க. இன்னிக்கு வேணாம் போன்னு ஆள அனுப்பினாலும், நேத்து செஞ்ச வேலைய இல்லன்னு எங்க மேஸ்திரி சொல்ல மாட்டாருங்க. நீங்க இன்னாங்க சொல்றீங்க? எம் பொண்ண நீங்க பாக்கலிங்களா?"

"நான் பார்த்தது கணக்குல வராதும்மா. சிஸ்டத்துல இருக்கணும்."

நான் வாசலில் நின்றேன். சாட்சி சொல்ல வந்தவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் பையைக் காட்டச் சொல்வீர்கள் என்று பயந்தேன். அவள் திரும்பி ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஹால் டிக்கெட் வரவில்லை. அடுத்த வருடம் அதே செமஸ்டரைத் திரும்பப் படிக்கலாம் என்று கடிதம் வந்தது. அவள் வரவில்லை. ஹால் டிக்கெட் கிடைக்காமல் திரும்பிய அன்று வருகை ஆப்பையும் அந்தக்காவையும் ஸ்கேனரையும் பஸ்ஸிலேயே ஒவ்வொன்றாக அழித்தாள் என்று கோட்டக்குப்பத் தோழி சொன்னாள். நான் அன்று வேறு பஸ்ஸில் வந்தேன். அவள் பக்கத்தில் உட்கார எனக்குத் தைரியம் இல்லை.

போன பொங்கலுக்கு அவளை மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் தயாரிக்கும் கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் இருக்கிறாள். இளைத்திருந்தாள். ஷிப்ட் மாறி மாறி வருவதால் எது காலை எது சாயங்காலம் என்று குழம்பிவிடுகிறது என்றாள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாதாம், வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம்.

"அப்ப மழை வந்தா அம்மாவுக்கு யாருடி சொல்றது?"

"யாரும் சொல்றதில்ல. வந்தா நனையும்."

பிறகு, கோபம் இல்லாமல், பஸ் எப்போது வரும் என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

"அந்த குரூப் மெசேஜு உனக்கு வந்துச்சு இல்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அதற்குப் பதிலை இங்கே சொல்கிறேன். வந்தது, படித்தேன், சொல்லவில்லை. மூன்று பேருக்கு ப்ராக்சி போட்டேன். டிகிரி வாங்கினேன். அந்த டிகிரியை வைத்துத்தான் இன்று ஒரு மருந்துக் கம்பெனி லேபில் நிற்கிறேன். இதைப் படித்துவிட்டு என் டிகிரியைத் திரும்பக் கேட்டால் கொடுத்துவிடுகிறேன். என் பெயரைப் போட்டே அச்சிடுங்கள்.

நீங்கள் மட்டும் தப்பிக்க முடியாது சார். அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. நான் வருகிறேன். அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அவரும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார், முன் வரிசையில் உட்காருவார். மைக் உங்கள் கையில் இருக்கும். அவரைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள். அந்த ஐந்து மாதமும் அந்தப் பெண் உங்கள் எதிரே உட்கார்ந்து பாடம் கேட்டதை உங்கள் இரண்டு கண்ணாலும் பார்த்தீர்களா, இல்லையா?